டிராஸ் குவியலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கும்மிடிப்பூண்டியிலிருந்து தடா வரைக்கும் அலுமினியம் உருக்கும் பட்டறைகளில் ஒரே கதைதான் நடக்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் ஒவ்வொரு வருஷமும் என் காதுக்கு வந்துவிடும். இந்த முறை ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில். கூரைத் தகரம் ஒழுகி, டிராஸ், அதாவது உருகிய அலுமினியத்தின் மேலிருந்து வழித்தெடுக்கும் கழிவு, நிரப்பிய ஜம்போ பைகள் நனைந்திருக்கின்றன. பை சூடாகிறதே என்று பயந்துபோய், ஹோஸை இழுத்துவந்து இன்னும் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் சல்லடை போட்டுக்கொண்டிருந்த ஒடிசா பையனை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டான். "வெறும் சாம்பல்தானே சார், தண்ணி ஊத்தினா அடங்கிடும்னு நினைச்சோம்" என்றார் மேஸ்திரி.

இந்த "வெறும் சாம்பல்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சாம்பல் என்றால் எரிந்து முடிந்தது. இனி அதில் ஒன்றும் இல்லை. டிராஸ் அப்படியா? உலையில் உருகிய அலுமினியத்தின் மேல் படிகிற ஏட்டை வழித்தெடுக்கும்போது நல்ல உலோகமும் கூடவே வந்துவிடுகிறது. உள்ளே அலுமினியம் இருக்கிறது என்றுதானே கிலோ கணக்குப் பேசிக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்? வாங்கும்போது உலோகம், குவித்து வைக்கும்போது மட்டும் சாம்பலா? நிறம் சாம்பல், தொட்டால் தூள் பறக்கிறது, அவ்வளவுதான் ஒற்றுமை.

அதில் அலுமினியம் நைட்ரைடு இருக்கிறது, கார்பைடும் இருக்கிறது. நைட்ரைடில் தண்ணீர் பட்டால் அம்மோனியா. கார்பைடில் பட்டால் மீத்தேன். பொடியாகக் கிடக்கும் உலோகத்திலிருந்து ஹைட்ரஜன். வெல்டிங் பட்டறையில் கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு கேஸ் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நடக்கும்போதே சூடும் கிளம்பும், சூடு ஏற ஏற வேகமும் கூடும். அதனால்தான் ஊற்ற ஊற்ற அடங்காமல் புகைகிறது.

நம்பாதவர்களுக்கு வகுப்பில் ஒன்று செய்து காட்டுவேன். திறந்தவெளியில் ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் டிராஸ் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மஞ்சள் தடவிய ஈரக் காகிதத்தை மேலே பிடிக்கச் சொல்வேன். குமிழ் வரும். கொஞ்ச நேரத்தில் காகிதம் குங்குமம் பட்டதுபோல் சிவக்கும். அது அம்மோனியாவின் வேலை. மூத்திர வாடை என்று நீங்கள் சொல்வதும் அதைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: மீத்தேனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வாடையே கிடையாது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அம்மோனியாவும் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிப்போகும். வாடை குறைந்துவிட்டது என்று உள்ளே போய்விடாதீர்கள். நனைந்த குவியலைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி வைத்து, மறுநாள் பீடியோடு போய்த் திறக்கும் ஆளை நினைத்தால் எனக்கு நடுக்கம் எடுக்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒழுகாத கூரை, மேடான சிமெண்ட் தரை, நாலு பக்கமும் காற்றோட்டம். மழைக்கு முன்னால் கூரையைப் பாருங்கள், மழையில் பார்க்காதீர்கள். தீப்பிடித்தால் காய்ந்த மணல் போடுங்கள், அல்லது உலோகத் தீக்கென்று வரும் பவுடர் அடிங்கள். தண்ணீரும் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேண்டாம். டிராஸ் தூள் ஆளின் கண்ணில் பட்டால் மட்டும் 15 நிமிஷம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது அவசியம்.

ஈர டிராஸை உலையில் போடுவது இன்னும் மோசம். அலுமினியம் உருகுவதே 660 டிகிரியில். அதற்குள் ஈரம் மாட்டினால் நீராவி வெடித்து உலோகத்தை ஆள் மேல் வாரி இறைக்கும். கிளறுகிற கம்பி, வழிக்கிற கரண்டி எல்லாவற்றையும் உலை வாயில் காட்டிச் சூடாக்கிய பிறகே உள்ளே விடுங்கள். லுங்கியும் செருப்புமாக யாரும் உலைப் பக்கம் போகக் கூடாது. பாலியஸ்டர் சட்டையும் கூடாது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலாளிகளே, இந்தத் தொழிலை மூடச் சொல்லவில்லை. பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்க ஆகும் மின்சாரத்தோடு பார்த்தால், மறுசுழற்சிக்கு ஆகும் சக்தி சுமார் 5 சதவீதம்தான். நல்ல வேலை, நியாயமான வேலை. உலையிலிருந்து வழித்த டிராஸ் முற்றத்தில் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தால் எரிவது உங்கள் அலுமினியம்தான். காய்ந்த இரும்புத் தொட்டியில் மூடி ஆறவிடுங்கள். வசதி இருந்தால் டிராஸ் பிரஸ் வாங்குங்கள், பிழிந்த உலோகம் உடனே கையில் வரும். டிராஸில் உப்பு போட்டு உருக்கி உலோகத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கசடை மட்டும் தயவுசெய்து ஏரிக்கரையில் கொட்டாதீர்கள். மழை கரைத்துக் கிணற்றில் சேர்க்கும் உப்பை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம், "ஆந்திராவுக்குத் தள்ளிவிட்டால் தலைவலி போச்சு" என்கிறவர்களுக்கு: 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்காக மாநிலம் தாண்டி அனுப்பினால், வண்டியில் ஏற்றும் முன்பே இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். லோடோடு படிவம் 10, அதாவது கழிவோடு கூடவே போகும் விவரச் சீட்டு, வர வேண்டும். வாங்குகிறவர்கள் அதைக் கேளுங்கள், பையைக் கையால் தொட்டுப் பாருங்கள். படிவம் இல்லையென்றாலும் பை வெதுவெதுப்பாக இருந்தாலும் லோடை இறக்க விடாதீர்கள்.