முரண் எண் சொல்வதும் சொல்லாததும்

ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். முதலாமவர் மூளைச்சவ்வு அழற்சிக்கு 0.99, மூளைக் கட்டிக்கு 0.01 என்கிறார். இரண்டாமவர் மூளை அதிர்ச்சிக்கு 0.99, கட்டிக்கு 0.01 என்கிறார். இரண்டையும், வெவ்வேறு சான்றுகளை ஒன்றாக்கும் டெம்ப்ஸ்டர் விதிப்படி சேர்த்தால் வரும் விடை என்ன தெரியுமா? கட்டிதான், 100 சதவீதம். இருவருமே அநேகமாக இருக்காது என்று ஒதுக்கிய நோய்! கணினி அறிவியலாளர் லாட்ஃபி ஸாதே 1979-ல் முன்வைத்த இந்தக் கணக்கைப் பற்றிய விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது.

ஆர்தர் டெம்ப்ஸ்டர் 1960-களில் தொடங்கி, கிளென் ஷேஃபர் 1976-ல் முழு வடிவம் கொடுத்த டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் கோட்பாட்டைச் சேர்ந்தது இந்த விதி. ஒவ்வொரு சான்றும் தன்னிடமுள்ள 1 என்ற மொத்த எடையைச் சாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 'இதுவோ அதுவோ, எது என்று தெரியாது' என்றால் எடையைப் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டாம். இரண்டுக்கும் பொதுவாகவே வைத்துவிடலாம். இந்தக் கோட்பாட்டின் அழகே இதுதான் என்பேன்.

சேர்க்கும்போது, ஒரு சான்றின் ஒவ்வொரு எடையையும் மற்றதன் ஒவ்வொரு எடையோடும் பெருக்குகிறோம். இரண்டுக்கும் பொதுவான சாத்தியம் இருந்தால் பெருக்குத்தொகை அதற்குப் போகும். பொதுவாக எதுவுமே இல்லையென்றால் முரண் கணக்கில் சேரும். மருத்துவர்கள் ஒத்துப்போவது 0.01 × 0.01, அதாவது 0.0001 மட்டுமே. மீதி 0.9999 முரண் எண். டெம்ப்ஸ்டர் விதி அந்த முரணை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் துளியை 1 ஆகப் பெருக்கிவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

சரி, முரண் எண் பெரிதாக இருந்தாலே சண்டை என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. பகடையில் எந்த முகம் விழும் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒவ்வொரு முகத்துக்கும் 1/6 என்கிறார்கள். கருத்தில் இம்மியளவும் வித்தியாசம் இல்லை. ஆனால் முரண் எண் 5/6!

ஆகவே வேறோர் அளவும் வேண்டியிருக்கிறது. 2001-ல் ஆன்-லோர் ஜூசெல்ம் குழுவினர் இரண்டு சான்றுகளுக்கு இடையிலான தூரத்தை, அதாவது அவை எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அளக்க ஒரு சூத்திரம் தந்தார்கள். பகடைக்கு அந்தத் தூரம் 0, மருத்துவர்களுக்கு 0.99. ஆனால் தூரத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். மூன்று சாத்தியங்களில் ஒன்றை ஒருவர் உறுதியாகச் சொல்ல, மற்றவர் 'எனக்கு எதுவும் தெரியாது' என்றால் தூரம் சுமார் 0.82. தெரியாது என்பவர் யாரையும் மறுக்கவில்லையே. முரண் எண் சரியாக 0 காட்டுகிறது. ஒற்றை எண் போதாது என்று வெய்ரு லியூ 2006-ல் வாதிட்டதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டு அளவுகளும் சேர்ந்து உயர்ந்தால்தான் உண்மையான முரண்.

அப்படி முரண் தெரிந்தால் என்ன செய்வது? ஷேஃபர் காட்டிய வழி, சான்றின் நம்பகத்தன்மையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்வது. ஒவ்வொரு மருத்துவரையும் 90 சதவீதம்தான் நம்புகிறோம், மீதி 0.1 'தெரியாது' என்று வைத்துப் பாருங்கள். அதே விதியில் இப்போது அழற்சிக்கும் அதிர்ச்சிக்கும் தலா சுமார் 0.47 வருகிறது. 'தெரியாது' 0.05. கட்டி 0.01-க்கே திரும்பிவிடுகிறது.