தெளிப்பானைத் தூக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

காய்கறி பயிரிடுபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். எத்தனை செடிகளில் பூச்சி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால், "தோட்டம் முழுக்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் வரப்போரத்தில் நான்கு செடிகளில் இருக்கும்.

கத்தரித் தண்டு மற்றும் காய்த் துளைப்பானை எடுத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து வெளிவந்த புழு சில மணி நேரத்திற்குள் தண்டிலோ காயிலோ புகுந்துவிடும். உள்ளே போன புழுவின் மேல் நீங்கள் தெளிப்பது படாது. வாரம் இரண்டு முறை தெளித்தும் ஓட்டைக் காய் குறையவில்லை என்ற புலம்பலுக்கு முக்கியக் காரணம் இதுதான். இங்கே தேவைப்படுவது கத்தரிக்கோல். நுனி வாடித் தொங்கும் தண்டைக் கண்டால், துளைக்குச் சற்றுக் கீழே வெட்டி எடுத்து அழிக்க வேண்டும். வெட்டியதை வரப்பில் வீசிவிட்டு வந்தால் அத்தனை வேலையும் வீண். புழு வெளியேறி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். துளை விழுந்த காய்களையும் அப்படியே அழிக்க வேண்டும். வாரம் தவறாமல் கடைசிப் பறிப்பு வரை இதைத் தொடர்ந்தால்தான் பலன். பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்துப்பூச்சிக்கு வேலி தெரியாது.

மஞ்சள் ஒட்டு அட்டையை மாட்டிவிட்டால் வெள்ளை ஈ ஒழிந்துவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அட்டை சேதி சொல்லும். போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியிருக்கிறதா என்று காட்டும். எண்ணாமல் தொங்கவிட்ட அட்டை வெறும் அலங்காரம். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது இந்த ஈதான். நோய் வந்த செடிக்கு மருந்தே கிடையாது. எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தை விதைப்பதும், தொடக்கத்திலேயே நோய்ச் செடியைப் பிடுங்குவதும்தான் வழி.

எப்போதுதான் தெளிப்பது? 1959இல் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹாகன் ஆகிய நான்கு பூச்சியியலாளர்கள் இதற்கு ஒரு கணக்கைச் சொன்னார்கள். பூச்சியால் வரும் நட்டம் தெளிப்புச் செலவைத் தாண்டப் போகிறது என்றால் மட்டும், தாண்டுவதற்குச் சற்று முன்பே தெளிக்க வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பது சோம்பேறித்தனம் ஆகாது. அந்த இடைவெளியில் வேறு சிலர் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருப்பார்கள். பொறிவண்டின் புழு முள்முள்ளாக, குட்டி முதலை போல இருக்கும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று வளரும். அதைப் பயிர்ப்பூச்சி என்று நினைத்து நசுக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் கொல்லும் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் முதலில் சாவது இவைதான். பிறகு செஞ்சிலந்தியும் வெள்ளை ஈயும் தட்டிக் கேட்க ஆளில்லாமல் பெருகும்.

ஒரே மருந்தை நம்பியிருப்பதன் விளைவை முட்டைக்கோஸின் வைரமுதுகு அந்துப்பூச்சி காட்டியிருக்கிறது. 1953இலேயே ஜாவாவில் டி.டி.டி.க்கு அது அசைந்துகொடுக்கவில்லை என்று பதிவானது. பிற்காலத்தில் பாஸில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவால் ஆன மருந்தையும் திறந்த வயலில் தாங்கி நின்ற முதல் பூச்சி இதுவே. உயிரியல் மருந்தாக இருந்தாலும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பாக்டீரியா மருந்தை மாலையில், புழு சிறிதாக இருக்கும்போதே தெளியுங்கள். வெயிலில் அது வீரியம் இழக்கும்; முற்றிய புழு எளிதில் சாகாது.

தெளித்தே ஆக வேண்டிய நாளில், முதலில் காயைப் பறித்துவிடுங்கள். தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வெண்டையை ஒன்றுவிட்டொரு நாள் பறிக்கிறோம். சீட்டில் ஏழு நாள் என்றிருந்தால், அந்த மருந்து எவ்வளவு வீரியமானதாக இருந்தாலும் காய்ப்பில் இருக்கும் வெண்டைக்கு ஆகாது.