ஐஸுக்கு மேலே நிற்கும் காற்று

ஐஸ் ஹாக்கி அரங்கங்களின் குளிரூட்டும் இயந்திரங்களையும் காற்றோட்டத்தையும் கவனிப்பது என் தொழில். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில், குளிர்காலத்து வெள்ளி, சனி இரவுகளில் கல்லூரி ஆட்டம் என்றால் ஊரே ரிங்க்கில்தான், அதாவது ஐஸ் ஆடுகளம் உள்ள அரங்கத்தில்தான், இருக்கும். எது நல்ல அரங்கம் என்று அங்கே மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். சின்னதாக இருக்கணும், கூரை தாழ்வாக இருக்கணும், கத்தினால் காது அடைக்கணும் என்பார்கள்.

சரிதான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா ரிங்க் 1957இல் திறந்தது; 4,000 சொச்சம் பேர்தான் உட்கார முடியும். ஹார்வர்டு அணி வந்தால் மாணவர்கள் ஐஸ் மேல் மீனை வீசுவது அங்கே பழைய வழக்கம். மிச்சிகனின் யோஸ்ட் அரங்கம் 1923இல் கட்டியபோது ஐஸை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 1973இல்தான் அதை ரிங்க்காக மாற்றினார்கள். 2013இல் திறந்த பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெகுலா அரங்கத்தில், மாணவர் வரிசைகளைக் கோலுக்குப் பின்னால் செங்குத்தாக ஏற்றியிருக்கிறார்கள். சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்து கட்டியவர்கள். வடக்கு டகோட்டாவின் எங்கல்ஸ்டாட் அரங்கத்தில் 11,000 பேருக்கு மேல் உட்காரலாம், தோல் இருக்கைகள் வேறு. அழகான கட்டடம். ஆனாலும் எனக்கு மனசு சின்ன ரிங்க்குகள் பக்கம்தான்.

அந்த நெருக்கத்தில் காற்றைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் கஷ்டம்.

ஐஸின் மேற்பரப்பு மைனஸ் 4, 5 டிகிரி செல்சியஸ் இருக்கும். கனம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதன் அடியில், பெரும்பாலும், கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த உப்புநீர் ஓடுகிறது. ஐஸை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப்போய் அப்படியே படுத்துக்கிடக்கும். சுற்றிலும் பலகைத் தடுப்பு, அதற்கு மேல் கண்ணாடி. ஒரு பெரிய தொட்டி மாதிரிதான். அந்தத் தொட்டிக்குள் ஆட்டத்தின் இடைவேளைதோறும் ஐஸைச் சீவிச் சுடுநீர் பூசும் வண்டி சுற்றி வருகிறது. 1949இல் இதை உருவாக்கிய ஃபிராங்க் ஜாம்போனியின் பெயரே வண்டிக்கும் நிலைத்துவிட்டது. இன்னும் பல இடங்களில் இது புரோப்பேன் வாயுவில்தான் ஓடுகிறது. புகை தொட்டிக்குள்ளேயே தங்கும். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் நுரையீரலைப் புண்ணாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அதில் இருக்கும். மூச்சு வாங்க ஓடும் ஆட்டக்காரர் இழுப்பது அந்தக் காற்றைத்தான்.

வண்டியைவிட நான் அதிகம் பயப்படுவது, ஓரத்தைச் சீவும் சின்னப் பெட்ரோல் இயந்திரத்துக்கு. கொஞ்ச நேரம்தான் ஓடும் என்று யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது கக்கும் கார்பன் மோனாக்சைடு கொஞ்சமல்ல.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி ரிங்க். மாலைப் பயிற்சி முடிந்து வந்த மூன்று பையன்களுக்குத் தலைவலி, ஒருவனுக்கு வாந்தி. ஃப்ளூ சீசன் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு வேலையாகப் போன நான் கார்பன் மோனாக்சைடை அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஐஸில் இறங்கினேன். நடுக்கோட்டுக்குப் போவதற்குள் அலாரம் அடித்துவிட்டது. விசாரித்தால், வெளியே காற்று ஈரமும் சூடுமாக இருந்த வாரம் அது. அதை உள்ளே விட்டால் ஐஸ் மேல் மூடுபனி கட்டும், மின்கட்டணமும் ஏறும் என்று காற்றை வெளியேற்றும் விசிறியை நிறுத்தியிருக்கிறார்கள். பயிற்சிக்கு முன்பு ஓரச் சீவலும் நடந்திருக்கிறது. கட்டடத்தில் இருந்த ஒரே கருவி டிக்கெட் கவுன்ட்டர் மேலே, கதவுகளுக்கு அப்பால் மாட்டியிருந்தது. அது என்ன காட்டும்? அந்த மேலாளர் கெட்டவர் இல்லை. ஐஸைக் காப்பாற்றப் பார்த்தார். ஈரத்தை எடுக்கும் இயந்திரம் ஒன்று வாங்கித் தந்திருந்தால் விசிறியை நிறுத்த வேண்டிய அவசியமே அவருக்கு வந்திருக்காது. ஸ்கோர்போர்டுக்குப் பணம் கிடைக்கிறது, இதற்குக் கிடைப்பதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

மினசோட்டா மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது: ஒரு மணி நேரச் சராசரியில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 20 பங்கையும், நைட்ரஜன் டை ஆக்சைடு 0.3 பங்கையும் தாண்டக் கூடாது. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. அதனால் உங்கள் பிள்ளை ஆடும் ரிங்க்கில் நீங்களே கேளுங்கள். வண்டி மின்சாரத்தில் ஓடுகிறதா? ஓரம் சீவும் இயந்திரம்? காற்றை எங்கே அளக்கிறார்கள், பதிவேடு இருக்கிறதா? நல்ல மேலாளர் கோபப்பட மாட்டார், ஏட்டை எடுத்துக் காட்டுவார்.

அம்மோனியாவையும் சொல்லியாக வேண்டும். பல ரிங்க்குகளில் குளிரூட்டுவது அதுதான். 2017 அக்டோபரில் கனடாவின் ஃபெர்னி ஊர் அரங்கத்தில் அது கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் எங்கிருந்து என்று தேடிப் போகாதீர்கள். வெளியே வந்து 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

ஒரே ரிங்க்கில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போலத் தலைவலியோ குமட்டலோ வந்தால் எல்லாரையும் திறந்த வெளிக்குக் கூட்டிப்போங்கள், அப்புறம் அதே எண்ணை அழையுங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு உடனே காட்டாது. வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், இருமலும் நெஞ்சு இறுக்கமுமாக வரும். அப்படி மருத்துவரிடம் போனால், முந்தின நாள் ரிங்க்கில் இருந்ததை முதலில் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்கத் தோன்றாது.