சார்பாளர்: கல்விசாரா ஊழியருக்குப் பேரவையில் யார்?

‘பிரதிநிதி’ என்ற சொல்லை இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தொழிற்சங்கத்தில் மாவட்டப் பிரதிநிதி உண்டு, நாடாளுமன்றத்தில் மக்கள் பிரதிநிதி உண்டு. ஆனால் பேராதனையிலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ உள்ள பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவையில், அங்கே வேலை பார்க்கும் எழுதுவினைஞருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் சாரதிக்கும் பிரதிநிதி யார் என்று கேட்டால் பதில் வராது. அப்படி ஒரு பதவியே இல்லை. இருந்தால் அதை எந்தச் சொல்லால் அழைப்பது என்று யோசித்தபோதுதான் வேரைத் தேடிப் போனேன்.

பிரதிநிதி வடசொல். ‘பிரதி’ என்றால் பதிலாக, ஈடாக. ‘நிதி’ என்பது வைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பணத்தைக் குறிக்கும் நிதியும் அதே வேர்தான், பத்திரமாக வைக்கப்பட்டது என்று பொருள். ஆக, ஒன்றின் இடத்தில் வைக்கப்பட்ட இன்னொன்று பிரதிநிதி. வேள்விக்கு விதித்த பொருள் கிடைக்காதபோது அதற்குப் பதிலாக எடுக்கும் பொருளைப் பழைய சடங்கு நூல்கள் இப்படித்தான் சொல்லும். சோமக் கொடி கிடைக்காவிட்டால் பூதீகம் என்ற செடி. அங்கே பதிலாக வந்த பொருளுக்கு வாய் கிடையாது. யார் வைத்தார்களோ அவர்கள் வைத்த இடத்தில் இருக்கும்.

தமிழில் இதற்குப் பல சொற்கள் புழங்குகின்றன. பதிலாள் என்பது ஆளுக்கு ஆள் மாற்று மட்டுமே. முகவர் என்றால் நமக்கு வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர்தான் நினைவுக்கு வருவார். பேராளர் நல்ல சொல். பழைய பாசுரங்களில் பேராளன் என்றால் பெருமை உடையவன், இன்று மாநாட்டுக்குப் போகிறவர். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர் காதில் அந்தச் சொல் வேறு விதமாகவும் விழும். நமக்குப் ‘பேர்’ என்றால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு நாள் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேருக்காகவே பாடுபட்ட சனம் நாம். ஆனாலும் பேராளர் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்புபவர், ஆண்டுக்கணக்கில் ஒரு சபையில் உட்கார்ந்திருப்பவரை அது சரியாகக் காட்டாது.

எனக்குப் பிடித்தது ‘சார்பாளர்’. இதன் வேர் ‘சார்’. பக்கத்தில் இருத்தல், ஒட்டியிருத்தல், சாய்தல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று பள்ளியில் படித்தோமே, அதே சார். ஒருவர் சார்பில் பேசுகிறார் என்றால் அவர் பக்கம் நின்று பேசுகிறார் என்று பொருள். பிரதிநிதியை யாரும் கொண்டுபோய் வைக்கலாம். சார்பாளர் யாரைச் சார்ந்தவர் என்பதைச் சொல்லே கேட்கிறது.

இப்போது தலைப்பில் உள்ள மற்றச் சொல்லைப் பாருங்கள்: கல்விசாரா ஊழியர், அதாவது பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தாத ஊழியர். இங்கேயும் அதே சார், எதிர்மறையில். சாராத என்பது ஈறு கெட்டுச் சாரா ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘non-academic’ என்று எதிர்மறை முன்னொட்டோடு இருந்ததை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். இலங்கையில் சுற்றறிக்கையிலும் சங்கப் பெயரிலும் இதுவே நிலைத்துவிட்டது. இந்தச் சொல் ஒருவர் என்ன செய்கிறார் என்று சொல்லாமல், எதைச் சேராதவர் என்று மட்டும் சொல்கிறது.

என் தாய்மாமா ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் வருவதற்கு முன்பே கரைசல்களைக் கலக்கி, போத்தலில் தேதி எழுதி ஒட்டி வைத்துவிடுவார். முதல் வருடப் பிள்ளைகள் அளவியை, அதாவது கோடுகள் போட்ட கண்ணாடிக் குழாயை, பிடித்துக்கொண்டு மேலிருந்து எட்டிப் பார்ப்பார்களாம். “தம்பி, குனிஞ்சு கண்ணைக் கோட்டுக்கு நேரா வை. பிறையுருவோட அடியைப் பாரு” என்பார். பிறையுரு என்பது குழாயில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பு. வாசிப்பு சரியாக வரும்வரை விடமாட்டார். அவர் கல்வி சாராதவரா? அமிலப் புகையை வெளியே இழுக்கும் மின்விசிறி அந்த ஆய்வுகூடத்தில் பல மாதம் ஓடவில்லை. மாமா எழுதிய கடிதம் துறைத் தலைவருக்குப் போனது, அங்கிருந்து பீடாதிபதிக்குப் போனது. அதற்கப்புறம் எங்கே நின்றது என்று விசாரிக்க அவருக்கு ஆள் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கண் சிவந்திருக்கும். அத்தை விளக்கெண்ணெய் தடவிவிடுவார்.

சரி, பேரவை என்றால் என்ன? பெருமை, அவை இரண்டும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பேரவை என்றதும் சட்டப்பேரவை நினைவுக்கு வரும். இங்கே அது பல்கலைக்கழகத்தை ஆளும் உயர் சபை. கல்வி விடயங்களைப் பார்க்கும் மற்ற சபைக்கு மூதவை என்று பெயர். மூத்தவர் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்த செனட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி பேரவையில் துணைவேந்தர் இருக்கிறார், பீடாதிபதிகள் இருக்கிறார்கள், மூதவை தன்னிலிருந்து தெரிவு செய்யும் இருவர் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியாட்கள் இவர்களைவிட எண்ணிக்கையில் கூட. பதிவாளர் அறையில் இருக்கிறார், ஆனால் பேரவையின் செயலாளராக. கல்விசாரா ஊழியர் வாக்களித்து அனுப்பும் ஒருவருக்கு அங்கே இடமில்லை. அதனால் அவர்கள் குரல் வெளியிலிருந்துதான் கேட்கிறது. 2024 மே மாதம் தொடங்கிய அவர்களுடைய சம்பள வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. சம்பளம் பேரவை தீர்மானிக்கும் காரியமில்லை என்பது உண்மைதான். ஆனால் மாமாவின் ஆய்வுகூட மின்விசிறி பேரவையின் கைக்கு எட்டும் காரியம்.

நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் இவர்களுக்காகவும் பேசமாட்டாரா என்று கேட்கலாம். பேசலாம். ஆனால் நியமனத்துக்கும் தெரிவுக்கும் உள்ள தூரம் மலையகத்துக்கு நன்றாகத் தெரியும். மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1947இல் நுவரெலியாவில் மக்கள் வாக்கால் வென்றவர். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் அந்த மக்களின் வாக்கே போயிற்று. 1960இல் அவர் மறுபடி நாடாளுமன்றத்துக்குப் போனது நியமன உறுப்பினராக. வாக்கால் மீண்டும் வென்றது 1977இல், நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில். ஆள் ஒருவர்தான். இடையில் அவரை அனுப்பியவர்கள்தான் வேறு.

வேறு நாடுகளில் இந்த இடம் சட்டத்திலேயே இருக்கிறது. பிரான்சில் பல்கலைக்கழக நிர்வாக சபையில் பொறியியல், நிர்வாக, தொழில்நுட்ப, நூலக ஊழியர்கள் தங்களுக்குள் தெரிவு செய்யும் நான்கு அல்லது ஆறு பேர் உண்டு. பிரேசிலின் அரச உயர்கல்வி நிறுவனங்களில் ஒவ்வொரு சபையிலும் ஆசிரியர்களுக்கு 70 வீதம் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். மிச்சத்தில் மற்ற ஊழியர்களும் வருகிறார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் ‘தொழில்நுட்ப நிர்வாக ஊழியர்’. எதையும் சாராதவர் என்று அந்தப் பெயர் சொல்வதில்லை, செய்யும் வேலையைச் சொல்கிறது.

அதனால் இங்கே அப்படி ஒரு பதவி கேட்டு மனு எழுதுபவர்கள் ‘கல்விசாரா ஊழியர் பிரதிநிதி’ என்று எழுதாமல் ‘தொழில்நுட்ப, நிர்வாக ஊழியர் சார்பாளர்’ என்று எழுதலாம். பலருக்குச் சார்பாளர்கள், அந்த ஏற்பாட்டுக்குச் சார்பாண்மை. பேச்சில் பிரதிநிதி என்றே சொன்னாலும் குறையில்லை, அது நம் வாயில் பழகிய சொல். ‘கல்விசாரா’ என்பதைத்தான் முதலில் விடவேண்டும். மாமாவிடம் இந்தப் பெயரைச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். “கொஞ்சம் நீளம்தான். ஆனா அதுல நான் இருக்கேன்” என்றார்.