கீட்டோனாக்கப் பத்தியம்: ஒரு சொல் விளக்கம்

'கீட்டோ டயட்' என்றதும் பலருக்கும் இன்று உடல் எடைக் குறைப்புதான் நினைவுக்கு வருகிறது. இந்தச் சொல் பிறந்ததோ வலிப்பு நோய்க்காக. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? பட்டினியில் உடலுக்குள் நிகழ்வதை உணவைக் கொண்டே நிகழ்த்தலாம் என்று 1921-இல் சொன்னவர், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரசல் வைல்டர். மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகக் கூட்டிய அந்த உணவுக்கு 'கீட்டோஜெனிக் டயட்' என்று பெயரிட்டவரும் அவரே.

'கீட்டோன்' என்பது ஜெர்மன் வேதியியலாளர் லியோபோல்டு கிமெலின் 1848-இல் கொடுத்த சொல். அசிட்டோன் என்ற வேதிப்பொருளைக் குறித்த 'அகெட்டோன்' என்ற பழைய ஜெர்மன் வடிவத்தில் முதலெழுத்தை விட்டால் கிடைப்பது அது. 'ஜெனிக்' கிரேக்க வேரிலிருந்து வந்தது. உண்டாக்குவது என்று பொருள். மாவுச்சத்து கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. குளுக்கோசுக்குப் பதிலாக மூளை அவற்றை எரிபொருளாக்கிக்கொள்கிறது. அதனால் வலிப்பு எப்படி அடங்குகிறது என்பதற்கு ஒரே விடை இன்னும் கிடைக்கவில்லை.

முறையான வடிவத்தில் 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே 1 கிராம்தான். நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரி தேவைப்படும் 15 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். கொழுப்பு 100 கிராம். மற்ற இரண்டும் சேர்ந்து 25 கிராம். கிலோவுக்கு 1 கிராம் என்று புரதத்துக்கு 15 கிராம் ஒதுக்கினால், மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 10 கிராம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அப்படியானால் அந்தக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் ஒரு சிறு கைப்பிடிச் சோறு. அதைச் சாப்பிட்டால் காய்க்கும் பாலுக்கும் இடமில்லை. கிராம் தராசு இல்லாமல் இந்தச் சமையல் நடக்காது. அடுப்படியில் நின்று இதை நாள்தோறும் நிறுத்துப் போடும் தாய்மாரை நினைக்கும்போது எனக்குப் பெரும் மரியாதை உண்டாகிறது.

1938-இல் பெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து வந்த பிறகு இந்த உணவுமுறை பின்னுக்குப் போனது. 1990-களில் அமெரிக்காவில் மீண்டும் கவனம் பெற்றது. 2008-இல் வெளியான லண்டன் ஆய்வில் 145 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். மூன்று மாதத்தில், இந்த உணவை உண்ட பிரிவில் 38 சதவீதக் குழந்தைகளுக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கமான உணவில் இருந்த பிரிவில் அது 6 சதவீதம். இவர்கள் எல்லோரும் மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்கள். பொருத்தமாகத் தேர்ந்த இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை அப்படி வகைப்படுத்துகிறார்கள். அந்த நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு 38 என்பது பெரிய எண்.

தமிழில் இதை 'மாவுச்சத்து குறைந்த உணவு' என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. மாவுச்சத்து என்றதும் அரிசியும் கோதுமையும் கிழங்கும் மனதில் வருகின்றன, சர்க்கரை வருவதில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் இனிப்பு சிரப்கூட இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். கொழுப்பின் அளவைப் பற்றியும் அந்தத் தொடர் எதுவும் சொல்வதில்லை. 'கீட்டோ உணவு' என்றால் எடைக் குறைப்பு விளம்பரங்களோடு கலந்துவிடுகிறது.

நம்மிடம் 'பத்தியம்' இருக்கிறது. 'பத்ய' என்ற வடசொல்லின் வழி வந்தது. பாதை என்னும் பொருளுள்ள 'பத' அதன் வேர். வைத்தியர் சொன்னதை மட்டும், சொன்ன காலம்வரை உண்பது பத்தியம். பிள்ளை பத்தியத்தில் இருக்கிறது என்று சொன்னால் 'ஒரு வாய் பாயசம் கொடுத்தால் என்ன' என்று எந்தப் பாட்டியும் கேட்கமாட்டார். ஆகவே 'கீட்டோனாக்கப் பத்தியம்' என்பதே என் தேர்வு. பேச்சில் 'கீட்டோன் பத்தியம்' போதும்.

பத்தியம் என்ற சொல்லுக்குள் மருத்துவரும் இருக்கிறார். கொழுப்பைச் செரித்து ஆற்றலாக்க முடியாத சில பிறவிக் குறைபாடுகள் உள்ள குழந்தைக்கு இது உயிராபத்து. அதனால் தொடங்கும் முன் பரிசோதனை கட்டாயம். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சி மந்தம் வரலாம். வைட்டமினும் கால்சியமும் தனியாகக் கொடுக்க வேண்டும். வலிப்பு மருந்தைப் பெற்றோர் தாமாக நிறுத்தக் கூடாது. வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்த்தாலும், குளுக்கோஸ் ஏற்றும் முன்பே பிள்ளை கீட்டோன் பத்தியத்தில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.