கொலுசு கறுக்கிறது, தாலிக்கொடி ஏன் கறுப்பதில்லை?

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போக நகைப்பெட்டியைத் திறந்தால் மட்டக்களப்பில் பல வீடுகளில் ஒரே கதைதான். தாலிக்கொடி மங்கியிருந்தாலும் மஞ்சளாகவே கிடக்கும். பக்கத்தில் வைத்த வெள்ளிக் கொலுசு கறுத்துப் போயிருக்கும். உப்புக்காற்று என்று கடல்மேல் பழியைப் போட்டுவிடுவோம். கடலுக்கும் கொஞ்சம் பங்கு உண்டுதான், ஆனால் முதல் குற்றவாளி கந்தகம்.

காற்றில் துளியளவு இருக்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைட்டு என்ற கறுப்புப் படலமாகிறது. அழுகிய முட்டையில் நாறுவது இந்த வாயுதான். வாவிக் கரையில் கண்டல் மரங்களுக்கு அடியிலுள்ள சேற்றை மிதித்தால் குப்பென்று கிளம்புவதும் இதுவே. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் வாழும் பக்டீரியாக்கள் உவர்நீரிலுள்ள சல்பேற்றைப் பயன்படுத்தி இதை வெளிவிடுகின்றன. ஈரப்பதம் கூடினால் கறுப்பும் வேகமாக ஏறும். கொலுசை ரப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம், ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது.

வெள்ளி ஒரேயடியாகக் கறுப்பதில்லை. முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பழுப்பு, சில இடங்களில் நீலம்கூடத் தெரியும். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது அதன் மேற்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து தரும் நிறங்கள் அவை. மழை நாளில் தார்ரோட்டில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இதே கணக்குத்தான்.

"புளி போட்டுத் தேய், பிள்ள" என்பார்கள் வீட்டில் பெரியவர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. செம்பு, பித்தளையின் கறையில் பெரும்பகுதி ஒட்சைட்டு, புளியிலுள்ள அமிலம் அதைக் கரைத்துவிடும். வெள்ளி சல்பைட்டோ புளிக்கும் மசியாது, தேசிக்காய்க்கும் மசியாது. திருநீற்றால் தேய்த்தால் பளிச்சென்று வருகிறதே என்று கேட்கலாம். அங்கே நடப்பது நுண்ணிய தூள் படலத்தைச் சுரண்டி எடுப்பது. படலத்தில் இருப்பதும் நம் வெள்ளிதான், தேய்க்கத் தேய்க்க அது துணியோடு போகிறது. பற்பசையும் இதே வேலையைத்தான், இன்னும் முரட்டுத்தனமாகச் செய்கிறது. பழைய கொலுசுகளில் பூவேலை மழுங்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளியை இழக்காமல் கறுப்பை மட்டும் விரட்ட ஒரு வழி இருக்கிறது. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வையுங்கள். ஒரு லீற்றர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து ஊற்றுங்கள். சோடா அலுமினியத்தின் மேலுள்ள ஒட்சைட்டுத் தோலைக் கரைக்கிறது. அலுமினியம் இலத்திரன்களை விட்டுக்கொடுக்க, அவை தொட்டுக்கொண்டிருக்கும் கொலுசுக்குப் போய், சல்பைட்டிலிருந்த வெள்ளியை மறுபடி உலோகமாக்குகின்றன. பிரிந்த கந்தகத்தில் கொஞ்சம் வாயுவாக வெளியேறும். அந்த முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், யன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தாள் படாத இடம் கறுப்பாகவே இருந்தால் திருப்பிப் போட வேண்டும். அழகுக்காகவே கறுப்பேற்றிய வேலைப்பாட்டுக்கும், கல் பதித்த நகைக்கும், முலாம் பூசியதற்கும் இந்த முறை வேண்டாம்.

தங்கத்துக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையில்லை. 22 கரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், அது கந்தகத்தையும் ஒட்சிசனையும் சட்டை செய்யாது. மங்கல் எல்லாம் தேங்காயெண்ணெயும் வியர்வையும் சவர்க்காரமும்தான். சவர்க்காரம் போட்டே கழுவினால் கிணற்று நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து இன்னொரு வெள்ளைப் படிவு ஏறும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளின் மென்மையான பிரஷ், இவ்வளவு போதும். முத்தையும் பவளத்தையும் ஊறவே போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டும் கல்சியம் காபனேற்று, தேசிக்காய்ப் புளி பட்டால் கரையத் தொடங்கும்.

தங்க மோதிரத்தில் திடீரென்று வெள்ளித் திட்டு தெரிந்தால் அது அழுக்கு அல்ல. முகத்தை வெள்ளையாக்கும் சில மலிவு கிரீம்களில் பாதரசம் இருக்கிறது, அது தங்கத்தோடு சேர்ந்து இரசக்கலவையாகிவிடும். எந்தத் திரவத்தில் கழுவினாலும் போகாது. சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போகும், அந்த ஆவி நுரையீரலுக்குள் போனால் நஞ்சு. ஆகவே மோதிரத்தை அடுப்பில் காட்டிப் பார்க்காதீர்கள். பத்தரிடம் கொடுக்கும்போது கிரீம் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தெரியாவிட்டால் அவர் வழக்கம்போல் குனிந்து நெருப்பை ஊதுவார்.