குளோஷர் என்றால் மூடலா?

கோத்தகிரியில் ஒரு டீக்கடை. தொலைக்காட்சியில், இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் பற்றிய தமிழாக்க நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. 1981இல் ஆயுள் தண்டனை பெற்றவன். 2020 நவம்பரில், 74 வயதில், கைதியாகவே இறந்தான். "அவன் மரணத்தால் குடும்பங்களுக்கு மூடல் கிடைத்தது" என்றது பின்னணிக் குரல். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஃபாக்டரியை மூடிவிட்டார்கள் சார்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. நீலகிரியில் மூடல் என்றால் ஊட்டி இந்துநகரின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைதான் நினைவுக்கு வரும். தாயைப் பறிகொடுத்த பிள்ளையின் நெஞ்சு நினைவுக்கு வராது. ஆங்கிலத்தின் 'குளோஷர்' (closure) என்ற சொல்லுக்கு எழுதும் இந்த 'மூடல்' எத்தனை முறை காதில் விழுந்துவிட்டது! ஒவ்வொரு முறையும் எரிச்சல் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

குளோஷர், மூடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மொழிபெயர்ப்பாளர் அதோடு அகராதியை மடக்கிவைத்துவிட்டார். உளவியலில் அதற்கு வேறு பொருள் உண்டு. வட்டத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் கண் அதை முழு வட்டமாகவே காண்பதை, மனம் எதையும் முழு உருவமாகவே காண்கிறது என்ற கெஸ்டால்ட் உளவியலாளர்கள் அப்படிச் சொன்னார்கள். துயரத்தைப் பேசும்போது, அரைகுறையாக நின்ற ஒன்று முடிந்து மனம் அடங்குவதை அது குறிக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 'நிறைவு' என்று எழுதச் சொல்கிறார். எனக்கு ஒப்பவில்லை. பணி நிறைவு, விழா நிறைவு என்று மேடையில் புழங்கும் சொல் அது. மனநிறைவு என்றால் இன்னும் மோசம்: தாயைக் கொன்றவன் செத்தான் என்று மகன் மகிழ்ந்து உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிடும். சட்கிளிஃப் இறந்தபோது அந்தக் குடும்பத்தாருக்கு மகிழ்ச்சியைவிட அலுப்பே அதிகம் இருந்திருக்கும். ஒவ்வொரு ஆண்டும் அவன் முகத்தையே செய்தியில் பார்த்து வந்தவர்கள் அவர்கள். 'முற்றுப்புள்ளி' என்பாரும் உண்டு. வழக்குக்கு வைக்கலாம், இழப்புக்கு எப்படி வைப்பது?

நம்மிடம் 'ஆறு' என்ற வினை இருக்கிறது. சூடு ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். தீயினால் சுட்ட புண் உள்ளாறும் என்று குறளிலேயே வருகிறது. கடைக்காரர் கையில் உயர்ந்து தாழ்ந்து விழுந்துகொண்டிருந்த டீயும் அதே வினைதான்: தானாகத் தணிந்தால் ஆறுதல், பிறர் தணித்தால் ஆற்றுதல். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'ஆறாத் துயரில்' என்று அச்சடிக்கிறோமே, குளோஷர் கிடைக்காத நிலைக்கு அதைவிடச் சரியான சொல் எந்த மொழியில் இருக்கிறது? ஆறுதல் பரிசு, ஆறுதல் வார்த்தை என்று பெயர்ச்சொல் நீர்த்துவிட்டது, உண்மைதான். அதனால்தான் வினையாக எழுதச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல்லே வேண்டும் என்று யார் விதித்தது? 'மூடலைப் பெற்றனர்', 'புரிதலை அடைந்தனர்', 'முடிவெடுத்தலை மேற்கொண்டனர்'. இப்படி எழுதி எழுதித் தமிழ் வினைகளையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டார்கள். 'அவன் இறந்த செய்தி கேட்டு ஓரளவு மனம் ஆறியது' என்றால் அந்த டீக்கடையில் யாரும் ஆலையைத் தேடியிருக்க மாட்டார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இதுவும் போதாது. இங்கிலாந்தில் சிறுவர் சிறுமியரைக் கொன்ற இயன் பிரேடி 2017இல் காவலில் இருந்தபடியே இறந்தான். 1964இல் கொல்லப்பட்ட 12 வயதுச் சிறுவன் ஒருவனின் உடல் எங்கே புதைந்திருக்கிறது என்பது பிரேடி சாகும்வரை வெளிவரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்த சிறுவனின் தாய் 2012இலேயே இறந்துவிட்டார். அங்கே குளோஷர் என்பது அந்த இடம் தெரிவது. நம் ஊரில் காணாமல் போனவரின் வீட்டில் சொல்வதைத்தான் அங்கேயும் எழுத வேண்டும்: 'ஒரு முடிவு தெரியாமல் மனம் ஆறாது.'